புதிய அவைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 டிசம்பர் 1, திங்கட்கிழமை. நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள். மாநிலங்களவையின் தலைவர் நாற்காலியில் திருப்பூர்க்காரர் ஒருவர் முதல் முறையாக உட்கார்ந்தார். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், பிறகு கட்சிக்கு ஒருவர் என்று வரிசையாக எழுந்து வாழ்த்தினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு வருகிற கேள்விகளும், தெரிந்த வரை பதில்களும் இங்கே.

இவர் யார், எப்படித் தேர்வானார்?

சி.பி.ராதாகிருஷ்ணன். கோயம்புத்தூர் தொகுதியில் இருந்து 1998லும் 1999லும் மக்களவைக்குப் போனவர். தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்தார். பிறகு ஜார்க்கண்ட், மகாராஷ்டிரா ஆளுநர். ஜகதீப் தன்கர் 2025 ஜூலை 21 அன்று உடல்நிலையைக் காரணம் காட்டித் திடீரென்று விலகியதால் இடைத் தேர்தல் மாதிரி ஒரு தேர்தல் வந்தது. செப்டம்பர் 9 வாக்குப்பதிவு, 12 பதவியேற்பு.

குடியரசுத் துணைத் தலைவரை மக்களவை, மாநிலங்களவை இரண்டின் உறுப்பினர்களும் சேர்ந்து தேர்வு செய்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு, எம்.எல்.ஏ.க்களுக்குக் கிடையாது. ரகசிய வாக்கெடுப்பு, கொறடா உத்தரவு போட முடியாது. அன்று வாக்குரிமை 781 பேருக்கு இருந்தது. 767 பேர் வாக்களித்தார்கள். ராதாகிருஷ்ணனுக்கு 452, எதிர்த்து நின்ற முன்னாள் நீதிபதி பி.சுதர்சன் ரெட்டிக்கு 300. மீதி 15 செல்லாத வாக்கு. நாட்டுக்கே சட்டம் இயற்றுகிறவர்களில் 15 பேருக்கு வாக்குச்சீட்டில் எண் எழுதத் தெரியவில்லையா, அல்லது நன்றாகத் தெரிந்துதான் அப்படி எழுதினார்களா என்பது தனிக் கதை.

துணைத் தலைவர் என்றால் குடியரசுத் தலைவருக்குத்தானே துணை? மாநிலங்களவையில் அவருக்கு என்ன வேலை?

உண்மையில் அதுதான் அவருடைய முழுநேர வேலை. குடியரசுத் தலைவர் இடம் காலியானாலோ, அவர் பணி செய்ய முடியாமல் போனாலோ மட்டும்தான் அந்தப் பொறுப்பைக் கவனிப்பார். மற்ற நாளெல்லாம் அரசியல் சட்டத்தின் 64, 89 பிரிவுகளின்படி மாநிலங்களவைத் தலைவர். சம்பளமும் அந்த வேலைக்குத்தான். துணைத் தலைவர் என்ற பதவிக்குத் தனிச் சம்பளம் இல்லை. அமெரிக்காவில் துணை அதிபர் செனட்டின் தலைவராக இருக்கும் ஏற்பாட்டை ஒட்டி நம்மவர்கள் வைத்தது இது. அங்கே அவர் செனட்டுக்கு எப்போதாவது வந்து போவார். இங்கே தினமும் காலையில் வந்தாக வேண்டும்.

அப்படியானால் சபாநாயகரும் இவரும் ஒன்றுதானா?

வேலை கிட்டத்தட்ட ஒன்று, ஆள் வந்த வழி வேறு. சபாநாயகர் மக்களவை உறுப்பினர். அந்த அவையே தனக்குள் இருந்து அவரைத் தேர்வு செய்கிறது. மாநிலங்களவைத் தலைவர் அந்த அவையின் உறுப்பினரே கிடையாது. ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்று சான்று தருவது சபாநாயகர் மட்டுமே. இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் நடத்துகிறவரும் அவர்தான். அப்படி உட்கார்ந்தது குறைவு: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையம், 2002இல் பொடா.

முதல் நாள் வரவேற்பு எப்படி நடக்கும்?

மக்களவையில் பார்க்கவே நன்றாக இருக்கும். சபாநாயகர் பெயர் முடிவானதும் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் அவருடைய இருக்கைக்கே போய், நடுவில் நிறுத்தி நாற்காலி வரை அழைத்துப் போவார்கள். பிரிட்டனில் இதையே கொஞ்சம் நாடகமாகச் செய்கிறார்கள். புதிய சபாநாயகர் வரமாட்டேன் என்பது போல் முரண்டு பிடிப்பார், இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். அரசர்களின் கோபத்துக்கு ஆளாகிற அபாயம் அந்தப் பதவிக்கு இருந்த காலத்தின் மிச்சம் அது.

மாநிலங்களவையில் இழுப்பது, நடப்பது எதுவும் இல்லை. துணைத் தலைவராகப் பதவியேற்றதுமே அவைத்தலைவர் ஆகிவிடுகிறார். அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாள் வாழ்த்துரைகள், கடைசியில் அவருடைய பதிலுரை. அவ்வளவுதான்.

அந்த வாழ்த்துரைகள் வெறும் சம்பிரதாயம்தானே? நேரம் வீண் இல்லையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைய பேச்சை ஊன்றிக் கேட்டால், பாதி வாழ்த்து, மீதி கோரிக்கை மனு என்பது புரியும். ஆளும் தரப்பு புதியவரின் பொது வாழ்வையும் எளிமையையும் சொல்லும். அவை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று முடிக்கும். எதிர்க்கட்சி அவருடைய பண்பைப் புகழும். எங்களுக்கும் பேச நேரம் கொடுங்கள் என்று முடிக்கும். சின்னக் கட்சிக்காரர் எழுந்தால், ‘எங்களுக்கு இரண்டு நிமிடம்தான் வருகிறது, அதையும் மணியடித்து நிறுத்திவிடாதீர்கள்’ என்கிற தொனி இருக்கும். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதை அன்றைக்குப் போல் வேறு நாளில் இவ்வளவு மரியாதையான மொழியில் கேட்க முடியாது.

டிசம்பர் 1 அன்றும் அதுதான் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே வாழ்த்திவிட்டு, இரு பக்கமும் சமமாகப் பார்க்க வேண்டும் என்றார். கையோடு, முந்தைய தலைவர் தன்கர் திடீரென்று போனதையும், அவருக்கு அவை விடை கொடுக்க முடியாமல் போனதையும் எடுத்தார். வரவேற்பு நாளில் இது எதற்கு என்று ஆளும் தரப்பு கொதித்தது. அங்கே பூச்செண்டின் ஆயுள் சில நிமிடம்தான்.

மக்களவையில் 2024 ஜூன் 26 இன்னும் பொருத்தமான உதாரணம். ஓம் பிர்லா குரல் வாக்கெடுப்பில் இரண்டாம் முறை சபாநாயகரானார். கேரளத்தின் கே.சுரேஷை எதிர்க்கட்சிகள் நிறுத்தியிருந்தன. அப்படி ஒரு போட்டி அபூர்வம். பிரதமர் மோடியும் ராகுல் காந்தியும் கைகுலுக்கி, பிர்லாவை நாற்காலிக்கு அழைத்துப் போனார்கள். அழகான காட்சி. அன்றே பிர்லா நெருக்கடி நிலையைக் கண்டித்து ஓர் அறிக்கையை வாசிக்க, எதிர்வரிசை முழுக்கக் கோஷம். வரவேற்பும் அமளியும் ஒரே நாள் கணக்கில்.

தமிழ்நாட்டுக்காரர் இந்த நாற்காலியில் உட்காருவது முதல் முறையா?

இல்லை. முதல் அவைத்தலைவரே திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1952 முதல் 1962 வரை. 1984இல் ஆர்.வெங்கட்ராமன். இவர் மூன்றாமவர்.

கொங்கு நாட்டுக் கணக்கு போட்டால் இன்னொரு பழைய பெயரும் உண்டு. வெள்ளையர் காலத்து மத்திய சட்டமன்றத்துக்கு 1933இல் தலைவரானவர் கோவையின் ஆர்.கே.சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனாரே, அவர்தான். அந்த மன்றம் தேர்ந்தெடுத்த முதல் இந்தியத் தலைவர் விட்டல்பாய் படேல், 1925 ஆகஸ்டில். வல்லபபாய் படேலின் அண்ணன். 1929 ஏப்ரல் 8 அன்று பொதுப் பாதுகாப்பு மசோதா பற்றி அவர் தீர்ப்புச் சொல்ல எழுந்த நேரத்தில்தான் பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். மூன்று நாள் கழித்து, குண்டுக்கும் அசையாமல் அரசுக்கும் அசையாமல், அந்த மசோதாவை விவாதிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். கம்யூனிஸ்ட், தொழிற்சங்கத் தலைவர்கள் மீதான மீரட் சதி வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது அதே விஷயத்தை இங்கே எப்படிப் பேசுவது என்பது அவர் வாதம். வைஸ்ராய் அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. படேல் கையில் இருந்தது வெறும் விதிப் புத்தகம்தான்!

கட்சியில் வளர்ந்தவர் நடுநிலையாக இருக்க முடியுமா?

அதிகம் வருகிற கேள்வி இது. நேர்மையான பதில்: கஷ்டம், ஆனால் முடியும்.

டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு அது எளிது. 1952 மே மாதம் அவையில் அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் அல்ல, ஆகவே இந்த அவையில் உள்ள எல்லாக் கட்சிகளையும் சேர்ந்தவன். அரசை எதிர்க்கட்சி தாராளமாக விமர்சிக்க விடாவிட்டால் ஜனநாயகம் கொடுங்கோன்மையாகிவிடும் என்றும் அன்றே எச்சரித்தார். அவர் தத்துவப் பேராசிரியர். அரசியல்வாதிக்கு அப்படி அமையாது; நாற்பது ஐம்பது வருடத்துச் சகாக்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனாலும் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1967இல் சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி, நாற்காலியில் உட்கார்ந்ததும் காங்கிரஸ் உறுப்பினர் அட்டையை விட்டுவிட்டார். 2008இல் அணு ஒப்பந்த விவகாரத்தில் மார்க்சிஸ்ட் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டு, சபாநாயகராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜியையும் விலகச் சொன்னது. சபாநாயகர் கட்சிக்காரர் அல்ல என்று சொல்லி அவர் விலக மறுத்தார். நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தி முடித்த மறுநாள் கட்சி அவரை வெளியேற்றியது. அத்தனை வருட உறவு ஒரே நாளில் முடிந்தது.

பிரிட்டனில் இதை ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். சபாநாயகர் கட்சியை விட்டு விலகிவிடுவார், அடுத்த தேர்தலில் அவர் தொகுதியில் பெரிய கட்சிகள் பொதுவாக ஆள் நிறுத்தாது. இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. சபாநாயகருக்கு அடுத்த தேர்தலில் சீட்டு கொடுப்பது கட்சித் தலைமை. அந்த ஒரு விஷயம் மாறாமல் நடுநிலை, நடுநிலை என்று வாழ்த்துரையில் சொல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாநிலங்களவைத் தலைவருக்குத் தொகுதி கவலை கிடையாது என்பதால், கோட்பாட்டளவில் அவருக்குச் சுதந்திரம் கொஞ்சம் அதிகம்.

அவைத்தலைவர் அவையை நடத்துகிறார், சரி. அதனால் சாதாரண ஆளுக்கு என்ன?

சி.பி.ராதாகிருஷ்ணனே கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1999 ஏப்ரல் 17. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ராதாகிருஷ்ணன் அப்போது கோவை எம்.பி. காங்கிரஸின் கிரிதர் கமாங் இரண்டு மாதத்துக்கு முன்பே ஒடிசா முதல்வராகியிருந்தார், ஆனால் எம்.பி. பதவியை விடவில்லை. அவர் வாக்களிக்கலாமா? சபாநாயகர் பாலயோகி அதை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டார். கமாங் வாக்களித்தார். அரசுக்கு 269, எதிராக 270. ஆட்சி போயிற்று. பாலயோகி தெலுங்கு தேசம்காரர். அவர் கட்சி அரசை ஆதரித்தது. நாற்காலியில் இருந்து வருகிற ஒரு வரிக்கு அவ்வளவு எடை.

தினசரி விஷயங்களில் எடை குறைவாகத் தெரியும், ஆனால் சேர்ந்தால் பெரிது. யார் முதலில் பேசுவது, எந்த நோட்டீஸை ஏற்பது, எந்த வார்த்தையை அவைக்குறிப்பில் இருந்து நீக்குவது, எப்போது ஒத்திவைப்பது எல்லாம் அவர் கையில். மாநிலங்களவை விதி 267 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மற்ற அலுவலை எல்லாம் நிறுத்திவிட்டு இந்த அவசர விஷயத்தை எடுங்கள் என்று கோருவது. எதிர்க்கட்சிகள் கட்டுக்கட்டாக நோட்டீஸ் கொடுக்கும், கட்டுக்கட்டாக நிராகரிக்கப்படும். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு பற்றிப் பேச அப்போதைய அவைத்தலைவர் ஹமீத் அன்சாரி அதை ஏற்றார். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. 2017 டிசம்பரில், அன்சாரிக்குப் பின் அவைத்தலைவரான வெங்கையா நாயுடு, அறிக்கை தாக்கல் செய்யும்போது ‘யாசிக்கிறேன்’ என்ற பொருள் வரும் பழைய ஆங்கிலச் சொல் வேண்டாம், சுதந்திர நாட்டில் யாரும் யாசிக்க வேண்டியதில்லை என்றார். 2018இல் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி செய்தார். தமிழில் பேச நினைக்கிற உறுப்பினருக்கு அது பெரிய விஷயம். அவரே 2019இல் காவலர்களுக்கு ராணுவச் சீருடை மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு, கண்டனம் வந்ததும் மாற்றினார். எல்லாமே நன்றாக அமைந்துவிடாது.

குரல் வாக்கெடுப்பு, டிவிஷன் என்கிறார்களே, அது என்ன சண்டை?

‘ஆம் என்போர் ஆம் என்க’ என்று கேட்டு, சத்தத்தை வைத்து முடிவு சொல்வது குரல் வாக்கெடுப்பு. அதை ஏற்காமல் ஓர் உறுப்பினர் எதிர்த்தால், எண்ணிப் பார்க்க வேண்டும்; அதுதான் டிவிஷன். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பதிவாகும். சத்தத்தில் யார் பெயரும் பதிவாகாது.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. நாற்காலியில் மாநிலங்களவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். தி.மு.க.வின் திருச்சி சிவா உட்பட எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்றது நாற்காலி. இருக்கையில் இருந்துதான் கேட்டோம் என்றார்கள் அவர்கள். விதிப் புத்தகம் கிழிபட்டது, மைக் பிடுங்கப்பட்டது, மறுநாள் எட்டுப் பேர் சஸ்பெண்ட். அந்தச் சட்டங்களைப் பிறகு டெல்லி எல்லையில் ஒரு வருடப் போராட்டத்துக்குப் பின் அரசே திரும்பப் பெற்றது. எண்ணியிருந்தாலும் ஒருவேளை அரசு ஜெயித்திருக்கும். ஆனால் எண்ணியிருக்க வேண்டும்.

எம்.பி.க்களை சஸ்பெண்ட் செய்வது அவைத்தலைவரின் தனி முடிவா?

மாநிலங்களவையில் ஒருவரை அன்றைக்கு வெளியே போகச் சொல்லலாம். அதற்கு மேல் என்றால், அவர் பெயரைக் குறிப்பிட, அரசுத் தரப்பு தீர்மானம் கொண்டுவர, அவை வாக்களிக்க வேண்டும். ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை. 2023 குளிர்காலத் தொடரில், நாடாளுமன்றத்தில் நடந்த பாதுகாப்பு மீறலுக்கு உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமளி. இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் சஸ்பெண்ட். காலியான எதிர்வரிசையின் முன்னே மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. பட்டியல் போட்ட வேகத்தில் சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் சேர்ந்துவிட்டது. அவர் அப்போது அவையிலேயே இல்லை! பிறகு நீக்கினார்கள்.

கட்சித் தாவலில் சபாநாயகர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

1985இல் வந்த பத்தாவது அட்டவணை, தாவியவரின் பதவியைப் பறிக்கும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்ததால். அவர் தீர்ப்பை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 1992இல் கிஹோடோ ஹோலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் தீர்ப்பே சொல்லாமல் இருந்தால்? அங்கேதான் சிக்கல்.

நம் கோட்டையிலேயே பாடம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக ஓ.பன்னீர்செல்வமும் இன்னும் 10 பேரும் வாக்களித்தார்கள். நடவடிக்கை வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டி.டி.வி.தினகரன் ஆதரவாளர்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 18 அன்று, 18 பேரின் பதவி போயிற்று. உயர் நீதிமன்றம் கடைசியில் அந்தத் தகுதி நீக்கத்தைச் சரி என்றது. அந்த 11 பேரோ 2021இல் அவை முடியும் வரை எம்.எல்.ஏ.க்களாகவே இருந்தார்கள். ஒரே நாற்காலி, இரண்டு வேகம். மனு வந்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் மணிப்பூர் வழக்கில் சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானா சபாநாயகருக்கும் அதே கெடு வைத்தது.

பிடிக்காவிட்டால் அவைத்தலைவரை நீக்க முடியுமா?

14 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத் தீர்மானம் கொண்டுவரலாம். சபாநாயகருக்கு மக்களவையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும். மாநிலங்களவைத் தலைவருக்கு அந்த அவை நிறைவேற்றி மக்களவையும் ஒப்ப வேண்டும். 1954இல் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கருக்கு எதிராகவே தீர்மானம் வந்து தோற்றது. 2024 டிசம்பரில் தன்கருக்கு எதிராக நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. மாநிலங்களவைத் தலைவர் ஒருவருக்கு எதிராக அதுவே முதல் முறை. அந்த அவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அதை நிராகரித்தார்.

சென்னையில் 1972 டிசம்பரில் நடந்தது இன்னொரு ரகம். எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் இருந்து வெளியேற்றப்பட்ட சமயம். சபாநாயகர் கே.ஏ.மதியழகனுக்கு எதிராகத் தீர்மானம் வர, அவர் நாற்காலியை விடவில்லை. இன்னொரு நாற்காலி போட்டு துணைச் சபாநாயகர் பெ.சீனிவாசன் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவையை நடத்தினார்கள், ஒருவர் அழைப்பவர்கள் ஒரு பக்கம் பேச, மற்றவர் அழைப்பவர்கள் மறுபக்கம் பேச. கடைசியில் மதியழகன் நீக்கப்பட்டார்.

அவைத்தலைவருக்கு அவையில் வாக்கு உண்டா?

இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும்.

துணைச் சபாநாயகர் பதவி காலியாக இருக்கிறது என்கிறார்களே?

அரசியல் சட்டத்தின் 93ஆவது பிரிவு, சபாநாயகரையும் துணைச் சபாநாயகரையும் ‘முடிந்த அளவு சீக்கிரம்’ தேர்வு செய்யச் சொல்கிறது. தேதி போடவில்லை. 2014 முதல் 2019 வரை கரூர் மு.தம்பிதுரை அந்த இடத்தில் இருந்தார். அவருக்குப் பின் வந்த 17ஆவது மக்களவை ஐந்து வருடமும் துணைச் சபாநாயகர் இல்லாமலே ஓடி முடிந்தது. 2024இல் அடுத்த அவை அமைந்தபோதும் நிரப்பவில்லை. எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்த பதவி அது. அவைக்குள் எதிர்வரிசைக்காரர் ஒருவரும் நாற்காலியில் உட்காருவார் என்ற ஏற்பாடு, முடிந்த அளவு சீக்கிரம் என்ற மூன்று சொல்லுக்கு நடுவில் காணாமல் போய்விட்டது.

புதிய தலைவர் எப்படிச் செயல்படுகிறார் என்று நானே பார்க்க வேண்டும். எதைக் கவனிக்கலாம்?

சன்சத் டிவியில் காலை 11 மணிக்கு மாநிலங்களவையைப் போடுங்கள். முதலில் தாள்கள் தாக்கல், அப்புறம் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். 12 மணிக்குக் கேள்வி நேரம். அமைச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கும்போது நாற்காலி என்ன செய்கிறது என்று பாருங்கள். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து நிற்கும்போது எவ்வளவு நேரம் நிற்க வைக்கப்படுகிறார், ஆளும் தரப்பின் அவை முன்னவர் எழுந்தால் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். யாராவது ‘டிவிஷன்’ என்று குரல் கொடுத்தால் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.